கிளெண்டாம்போவுக்கு அப்பால்

லீற்றருக்கு ஒன்பது சதம் கூடவென்று
கிளெண்டாம்போவில் நிறுத்த விடாதவள் நான்.
அடுத்த பெற்றோல் கூபர் பீடியில்,
இருநூற்று ஐம்பத்து மூன்று கிலோமீற்றர்.
பலகையில் போட்டிருந்தது.
வாசித்துவிட்டுத்தான் போனேன்.

அரைத் தாங்கிக்குச் சற்றுக் கீழே முள்.
கணக்குப் பார்த்தேன், போதும்.
அந்தக் கணக்கில்
கூரைமேல் கட்டிய துளசிகாவின் சைக்கிள் இல்லை,
எதிர்க்காற்று இல்லை,
நூற்றுப்பத்தில் பறக்கும் என் கால் இல்லை.

தொண்ணூறு கிலோமீற்றர் தாண்டியதும்
திரை சொன்னது:
இருக்கிற பெற்றோல் நூற்று நாற்பதுக்கு.
தெரு சொன்னது:
இன்னும் நூற்று அறுபத்து மூன்று.
இடையில் இருபத்து மூன்று கிலோமீற்றர்
செம்மண், உப்புப்புதர்,
செத்த கங்காருவின் மேல் இரண்டு காகம்.

நிமலன் ஒன்றும் சொல்லவில்லை.
அவன் ஒன்றும் சொல்லாதது
ஏசியை விடக் குளிராக இருந்தது.

ஓரங்கட்டினேன்.
சைக்கிளை இறக்கினோம், கயிற்றை அவிழ்க்க முடியாமல்
அரிசி வெட்டும் கத்தரிக்கோலால் அறுத்து.
பின்சீட்டில், துளசிகாவின் மடிக்குக் குறுக்காக
முன்சில்லு என் தோளில் முட்ட ஏற்றினோம்.
கூரைக் கம்பிகளையும் கழற்றினான்.
காற்றுக்குப் பிடிக்க ஒரு பிடியும் இருக்கக் கூடாது.
இருபது கிலோ அரிசி மூட்டையை ஒருமுறை பார்த்தான்.
நான் அவனைப் பார்த்தேன்.
மூட்டை உள்ளேயே இருந்தது.

பிறகு எண்பது.
எண்பதென்றால் எண்பது,
எண்பத்தொன்று ஆசை.
மிதிக்கும் காலுக்கும் மிதிக்கும் நடுவே
பொரித்த அப்பளம் ஒன்று இருப்பதாக
நினைத்துக்கொண்டேன்.
ஏசியை நிறுத்தினேன். வெளியே முப்பத்தொன்பது பாகை.
கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினேன்,
மூன்றாம் விரலுக்குக் காற்று காசு கேட்கும்.

மூன்று பெட்டி இழுத்த ரோட் ட்ரெயின் ஒன்று
எங்களைக் கடந்து போனது.
'அதுக்குப் பின்னால ஒட்டிக்கொண்டு போனா
காத்து அடிக்காதெல்லோ அம்மா?'
பத்து வயசு. பௌதீகம் சரி.
'அது பிரேக் பிடிச்சா
உன்ர சைக்கிள்தான் முதல்ல போய்ச் சேரும்.'

ஒரு சரிவு வந்தது, சரிவென்று சொல்லலாம்.
'நியூட்ரல்ல விடு.'
நூறு கிலோமீற்றருக்கு அவன் வாயில் வந்தது அவ்வளவுதான்.
விடவில்லை.
கியரில் காலை எடுத்தால் எஞ்சின் பட்டினி கிடக்கும்,
நியூட்ரலில் விட்டால்
உறங்கிக்கொண்டே கொறிக்கும்.
இதைச் சொல்லவும் இல்லை.
சொல்வதற்கு இருந்ததெல்லாம்
அந்த நேரத்தில் சண்டையாகத்தான் வரும்,
தாங்கியில் அதற்கும் அளவு இருந்தது.

பள்ளம் வந்தபோதெல்லாம் சைக்கிள் மணி
'கிளிங்' என்றது.
மஞ்சள் விளக்கு எரிந்தது.
கிளிங்.
திரையின் எண் மெல்ல ஏறத் தொடங்கியது,
போக வேண்டிய தூரத்தைப் பிடித்தது,
தாண்டியது.
நானே நம்பவில்லை.
வியர்வை வழிந்து புருவத்தில் நின்றது,
துடைக்கக் கை எடுத்தால்
அப்பளம் நொறுங்கிவிடும் போல.

ஓபல் தோண்டிய வெள்ளை மண்கும்பங்கள்
கறையான் புற்றுகள் போலத் தெரிந்தபோது
துளசிகா நித்திரை,
ஹான்டில்பாரைக் கட்டிப்பிடித்தபடி.

ஐம்பது லீற்றர் கொள்ளும் தாங்கி.
நாற்பத்தாறு ஏறியது.
விலை, கிளெண்டாம்போவை விடப் பதினொரு சதம் கூட.
காசைக் கட்டிவிட்டு வந்து
பார்க்காதது போல் முன்னால் உட்கார்ந்தான்.

திங்கள் ஆஸ்பத்திரியில் முதல் ஷிப்ட்.
வீட்டிலிருந்து நாலு நிமிடம்,
இப்போதும் அப்பளத்தின் மேல்தான் ஓட்டுகிறேன்.
ரயருக்குக் காற்றுப் பார்க்கிறேன், வெள்ளிதோறும்.

மூன்று கிழமை கழித்து ஓர் இரவு,
சொதிக்குப் பால் காணாது,
இன்னொரு தேங்காய்ப்பால் ரின் வாங்கியிருக்கலாம் என்றேன்.
கரண்டியைக் கீழே வைத்தான்.
அவ்வளவு தூரம் சேமித்துக் கொண்டுவந்ததை
ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றினான்:
'கிளெண்டாம்போவிலயும்
அடிச்சிருக்கலாம்.'